நான்காம் விதி: மேடையோடு பேசக் கூடாது

1

இந்தக் கதை ஒரு முழங்கையைப் பிடித்ததில் தொடங்கியது. பிடித்தவன் நான். முழங்கை பேச்சியம்மாள் என்பவருடையது. பிடித்த நேரத்தில் அவர் பெயர் எனக்குத் தெரியாது. எஃப் வரிசை, பதின்மூன்றாம் இருக்கை என்பது மட்டும்தான் தெரியும்.

முதலில் இதைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். நாடக அரங்கில் பார்வையாளர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாலு நல்ல வார்த்தை. முதல் வாக்கியம் இப்படி வந்தது:

நாடகம் என்பது மேடையில் இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் சேர்ந்து காக்கும் ஒரு மௌனம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டு ஒரு கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன், எனக்கே எரிச்சலாக இருந்தது. சேர்ந்து காக்கிறோமாம். யாரிடமிருந்து? அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அடித்ததை நீங்களும் பார்க்கட்டும் என்று இங்கேயே விட்டிருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம் இது: ஆறு வருடத்துக்கு முன் என் தங்கை தர்மினிக்கு நான் நான்கு காயா பன் வாங்கிக்கொடுத்தேன், அதை அவள்—

இதுவும் வேண்டாம். இப்போது வேண்டாம். பின்னால் வரும். வராமல் நான் ஏமாற்றப் பார்த்தால் நீங்களே கேளுங்கள்.

ஆகவே, முழங்கை.

2

நான் சிறீகாந்தன். ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் முகப்பில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவன். நம்பர் எடுங்கள், வரிசையில் நில்லுங்கள், மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள் என்று மூன்று மொழியில் சொல்லியே என் இளமை போயிற்று. ஓய்வு பெற்றபின் நாடகம் எழுத வந்தேன். மஞ்சள் கோடு மட்டும் என்னோடு கூடவே வந்துவிட்டது.

எங்கள் குழுவை நடத்துபவர் ஹேமநாதன். இயக்குநர் அவர்தான். சின்னக் குழு என்பதால் ஆளுக்கு இரண்டு வேலை. எனக்கு எழுதுகிற வேலையும் வாசலைப் பார்த்துக்கொள்கிற வேலையும். நாடகம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் விதிகளை வாசிப்பது, பிறகு கையில் டார்ச் விளக்கோடு கதவருகே நிற்பது.

ஜொகூர் பாருவில் தமிழ் நாடகம் பார்க்க வருகிறவர்களைப் பற்றி நான் குறையே சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்பதுதான் காரணம். ஒரே ஒரு சம்பவம் மட்டும் சொல்லிவிடுகிறேன். போன வருட நாடகத்தில் கதாநாயகனின் அப்பா செத்துக் கிடக்கிறார். மனைவி அழுகிறாள். அந்த நேரம் பார்த்துத் தலைமை தாங்க வேண்டிய பிரமுகர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார். ஏற்பாட்டாளர் ஒருவர் பொன்னாடையோடு நேரே மேடைக்கே ஏறிவிட்டார். விளக்கெல்லாம் போட்டார்கள். செத்தவர் எழுந்து கும்பிட்டு ஒதுங்கி நின்றார். பொன்னாடை போர்த்தி, படம் பிடித்து, கைதட்டி முடிந்ததும் பழைய இடத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டார். மனைவி விட்ட இடத்திலிருந்து அழுதாள். அன்றைக்கு மொத்த நாடகத்திலும் அதிகம் கைதட்டு வாங்கிய இடம் அதுதான்.

வீட்டுக்குப் போன கையோடு விதிகளை எழுதினேன். கைப்பேசியை அணைக்க வேண்டும். கதவைச் சாத்தியபின் அமைச்சரே வந்தாலும் அடுத்த காட்சி மாற்றம்வரை வெளியில்தான் நிற்க வேண்டும். கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதானால் இப்போதே பிரித்துவிட வேண்டும். நான்காவது, மேடையில் இருப்பவர்களோடு பேசக் கூடாது. நம் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. வில்லன் பின்னால் வந்தால் “டேய், திரும்பிப் பாருடா” என்பார்கள். அந்த விதியின் கீழே ஒரு விளக்கமும் எழுதினேன்:

‘மேடையில் இருப்பவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்ததைத் தெரிந்ததாகவே வைத்திருங்கள்.’

இந்த வரியின் மேல் எனக்கு ரொம்பப் பெருமை. ஹேமநாதன் அதை அட்டையில் அச்சடித்து வாசலில் மாட்டினார்.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த அட்டை இப்போது என் அலமாரிக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

3

நாடகத்தின் பெயர் ‘மூடி வைத்த சோறு’. ஒரு அடுக்குமாடி வீடு. அம்மா மட்டும் இருக்கிறாள். மகன் விடிவதற்கு முன்பே மோட்டார்சைக்கிளில் காஸ்வே கடல்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். முதல் காட்சியிலேயே பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் வருகிறது, அவன் விபத்தில் இறந்துவிட்டான் என்று. பார்வையாளர்களுக்குத் தெரிந்துவிடும். அம்மாவுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தினர் ஒவ்வொருவராக வருகிறார்கள், சொல்லத்தான் வருகிறார்கள், சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அம்மா சமைக்கிறாள். மகனுக்குத் தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். கதவு தட்டும் சத்தம். அவள் எழுந்து கதவை நோக்கிப் போகிறாள். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் நாடகம்.

ஒத்திகையில் விளக்கை அணைத்த இடத்தை எல்லாரும் பாராட்டினார்கள். முடிவைச் சொல்லாமல் சொன்னீர்கள் என்றார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டேன்.

காட்சிகள் இரண்டும் பகல் மூன்று மணிக்கு. இரவில் போட்டால் எங்கள் ஊரில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள், காஸ்வே தாண்ட அவர்கள் எழுவது விடிகாலை மூன்றரைக்கு. பகல் காட்சியில் ஒரு விசேஷம் இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்தும். கனத்த கதவு இரண்டையும் தாண்டினால் உள்ளே இருட்டும் குளிரும். கால் எங்கே படுகிறது என்று தெரியாது. குளத்துக்குள் இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கி, இருக்கையைத் தடவி உட்கார வேண்டும். கொஞ்ச நேரத்தில் நேரம் என்பதே மறந்துபோகும். இருநூற்று எண்பது பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கனவைக் காண்கிற மாதிரிதான் இருக்கும். கதவருகே நின்று நான் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்பேன். எனக்கு அது பிடிக்கும்.

சனிக்கிழமை, மூன்றே முக்கால் இருக்கும். மேடையில் அம்மா வேடத்தில் ஷாமளா. பகலில் பல் கிளினிக் ஒன்றில் வேலை பார்க்கும் பெண், மேடையில் ஏறினால் அறுபது வயதாகிவிடுவாள். தட்டில் சோறு போட்டாள். நெத்திலி சம்பல் வைத்தாள். சிவப்புப் பிளாஸ்டிக் துடோங் சாஜியை, சோறு மூடும் கூடையை, எடுத்துத் தட்டின் மேல் கவிழ்க்கப் போனாள்.

“ஏம்மா, மூடி வைக்காத.”

எஃப் வரிசையிலிருந்து குரல். சத்தம் போடவில்லை. எதிர்வீட்டு வாசலில் நிற்பவளிடம் சொல்கிற அளவுக்குத்தான்.

“அவன் வரமாட்டான்மா. போய்ட்டான். எல்லாருக்கும் தெரியும், ஒனக்குத்தான் சொல்லல.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டு கைப்பேசிகள் உயர்ந்தன. (முதல் விதி!) ஷாமளா மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். நான் டார்ச்சோடு ஓடினேன். எழுந்து நின்றிருந்த அந்த அம்மாளின் முழங்கையைப் பிடித்தேன். மெலிந்த கை, சுடுகிறது. அவர் முரண்டு பிடிக்கவில்லை. நடைபாதையில் இருட்டில் என்னோடு நடந்துகொண்டே, “அவகிட்ட யாரு தம்பி சொல்லுவா?” என்று கேட்டார்.

நான் “ஷ்ஷ்” என்றேன்.

5

நான்காம் பகுதி எங்கே என்று தேடாதீர்கள். நான்காம் விதிக்காக அந்த எண்ணை எடுத்து வைத்திருக்கிறேன். கடைசியில் தருகிறேன்.

வெளியே கண் கூசும் வெயில். சாலைக்கு அந்தப் பக்கம் கறிபாப் பொரிக்கிற வாசம். கனவிலிருந்து தட்டி எழுப்பப்பட்டவர் மாதிரி அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். திட்டுவதற்கு வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன், முப்பது வருட அனுபவம் ஆயிற்றே. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அதனால் அவற்றில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை.

அவர் பெயர் பேச்சியம்மாள். ரெங்கம் ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பின் இங்கே வந்து, தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை பார்த்தவர். டிக்கெட்டைப் பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்தாளாம், சும்மா வீட்டிலேயே கிடக்கிறீர்களே, ஒரு மாறுதலாக இருக்கும் என்று. என்ன கதை என்று அவளுக்கும் தெரியாது.

அவருடைய மகன் வசந்தன். காஸ்வே. மோட்டார்சைக்கிள். இரண்டு வருடம் ஆகிறது.

(நான் இந்த நாடகத்தை எழுதும்போது யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. இந்த ஊரில் யாரையும் மனதில் வைக்காமல் இப்படி ஒரு கதையை எழுதிவிட முடியும் என்று நினைத்தது என் மடத்தனம்.)

காலை ஒன்பது மணிக்கே பக்கத்து வீட்டுக்குச் செய்தி வந்துவிட்டது. அவரிடம் சொன்னது மாலை நாலு மணிக்கு. நடுவில் ஏழு மணி நேரம். வீட்டுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். இவர் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். என்றைக்கும் இல்லாத திருநாளாக எல்லாரும் வந்திருக்கிறார்களே, பக்கத்து வீட்டில் ஏதும் சண்டையோ என்று நினைத்தாராம். மதியம் ஆகியும் யாரும் போகவில்லை. வீடு தேடி வந்தவர்களைப் பசியோடு அனுப்புவதா? ராத்திரிக்கு மகனுக்கென்று ஆக்கி மூடி வைத்திருந்ததை எடுத்தார்.

“நானே போட்டேன் தம்பி, அவன் சோத்த. சாப்புடுங்க சாப்புடுங்கனு வற்புறுத்திப் போட்டேன். பாவம், அவங்க என்ன செய்வாங்க? எல்லாம் தெரிஞ்சிக்கிட்டே சாப்ட்டாங்க.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, உங்கள் டிராமாவில் அவளுக்கு யார் சொல்கிறார்கள் என்று மறுபடி கேட்டார்.

“யாரும் சொல்லல அம்மா. கதவு தட்டும். லைட் அணைஞ்சிரும். அதான் முடிவு.”

“லைட்ட அணைச்சிட்டா நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிருவீங்க. அவ அங்கதான நிப்பா?”

அவர் நாளைக்கு இருக்கிற காட்சிக்கு வரலாமா என்று கேட்டார். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம், ஒரு வார்த்தை வராதாம். இன்றைக்குப் பாதியில் எழுந்து வந்துவிட்டோம், நாளைக்காவது யாராவது அவளிடம் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். நாளைக்கும் இதேதான் நடக்கும், எழுதினது எழுதினதுதான் என்று விளக்கினேன்.

“யாரு எழுதுனா?”

“நான்தாம்மா.”

என்னை நன்றாகப் பார்த்தார். அப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

“அப்ப நீங்கதான் சொல்லலயா?” என்றார்.

6

காட்சி முடிந்து ஆட்கள் போனபின் ஹேமநாதன் கொதித்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் எழுந்து நின்ற வீடியோ அதற்குள் ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டது. ‘இதுகளுக்கெல்லாம் டிராமா ஒரு கேடா’ என்று ஒருவர். ‘அலமாக், சீரியல்னு நெனச்சிட்டாங்க போல லா’ என்று இன்னொருவர். நாளைக்கு அந்த அம்மாவை உள்ளே விடக் கூடாது, இன்னொரு தடவை இப்படி ஆனால் குழுவின் மானம் போய்விடும் என்றார் ஹேமநாதன். வாசல் உங்கள் பொறுப்பு அண்ணே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார். விதிகளை எழுதியவனிடம் வேறு எதைச் சொல்வார்?

ஷாமளா மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதி முகம் அறுபது, பாதி முகம் முப்பது. அவள் அழுதிருந்தது தெரிந்தது. மன்னித்துக்கொள், உன் காட்சி கெட்டுப்போயிற்று என்றேன்.

“கெடல அண்ணே,” என்றாள். “ரெண்டு மாசமா ரிஹர்சல் பண்றோம். தினமும் எல்லாருமாச் சேர்ந்து என்கிட்ட மறைக்கிறீங்க. மொதத் தடவையா ஒருத்தங்க சொன்னாங்க. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.”

வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். அரங்கம் வந்தது. இருநூற்று எண்பது இருக்கையிலும் ஆட்களுக்குப் பதில் துடோங் சாஜிகள், சிவப்பு, பச்சை, நீலம். நான் டார்ச்சோடு ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துக்கொண்டே போகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஆள் இருக்கிறார், எல்லாரும் மரியாதையாக இருக்கிறார்கள், என்னைப் பார்த்து “ஷ்ஷ்” என்கிறார்கள். எஃப் வரிசை வந்தது. பதினான்காம் இருக்கையின் மூடியை என்னால் தூக்க முடியவில்லை. அடியில் யார் என்று எனக்குத் தெரியும்.

7

சரி. காயா பன்.

நம் வீடுகளில் சாவைப் போனில் சொல்வதில்லை. ‘சீரியஸாக இருக்கிறார், உடனே புறப்பட்டு வாங்க’ என்போம். கேட்பவருக்குப் பாதி தெரியும், சொல்பவருக்கு முழுக்கத் தெரியும், இருந்தாலும் ‘சீரியஸ்’ என்ற சொல்லை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பயணத்தைக் கடந்துவிடுவோம். நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன், ஒரு காலை பதினோரு மணிக்கு என் கைப்பேசி அடித்தது. நான் லாபிஸில் தர்மினி வீட்டில் இருந்தேன். அவள் கணவன் லோகேஸ்வரன் வேலை விஷயமாக ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தார். நெஞ்சுவலி, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கூட இருந்தவர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய், “அவருக்குக் கொஞ்சம் சீரியஸாம், வா போவம்” என்றேன்.

இரண்டரை மணி நேரம். நெடுஞ்சாலை முழுக்க எண்ணெய்ப்பனை. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நிழல், வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்றே தெரியாத மாதிரி. வழியில் யோங் பெங் ஊர் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்காது என்று, தேங்காய்ப்பால் ஜாம் வைத்த காயா பன் நான்கு கேட்டாள். நான்தான் இறங்கி வாங்கிக்கொடுத்தேன். பிளாஸ்க்கில் மைலோ நிரப்பிக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் சொன்னாள்:

“அண்ணா, அவருக்குச் சூடா இருந்தாத்தான் இறங்கும். கொஞ்சம் வேகமாப் போங்கோ.”

நான் வேகமாகப் போனேன்.

இதைத்தான் ஆறு வருடமாக எழுத முடியவில்லை. பொய் சொன்னதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன், மைலோ ஆறிவிடக் கூடாதென்று. மருத்துவமனை வாசலில் அவளை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றேன். வண்டியை நிறுத்த இரண்டு நிமிடம் போதும். நான் இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு தாதி அவளிடம் சொல்லியிருக்கிறாள். யார் என்று எனக்குத் தெரியாது. என்ன மொழியில் என்றுகூடத் தெரியாது. நான் போனபோது தர்மினி மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்றுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாரம் தவறாமல் போன் செய்வாள், “சாப்பிட்டீங்களா அண்ணா” என்பாள். நானும் சாப்பிட்டேன் என்பேன்.

இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். தர்மினி என் கையைப் பிடித்து, “எனக்கு யோங் பெங்கிலேயே தெரியும் அண்ணா. உங்களுக்காகத்தான் தெரியாத மாதிரி இருந்தேன்” என்கிறாள். எழுதும்போதே கண் கலங்கிவிட்டது. மறுபடி வாசித்தபோது வெட்கமாக இருந்தது. அவள் இதைச் சொல்லவே இல்லை. எனக்கு நானே பொன்னாடை போர்த்திக்கொண்ட வாக்கியம் அது. அடித்துவிட்டேன்.

8

ஞாயிறு காலை நாடகத்துக்கு வேறு முடிவு எழுத உட்கார்ந்தேன்.

முதல் முடிவு: பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிடுகிறாள். எழுதினேன். அவள் வாயில் என் வார்த்தைகள் வந்தன, அழகான வார்த்தைகள். அழகாக இருந்ததாலேயே கிழித்தேன். இரண்டாம் முடிவு: கதவைத் திறந்தால் மகனே நிற்கிறான், எல்லாம் தவறான செய்தி. பேச்சியம்மாள் முன்னால் இதைப் போட எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாம் முடிவு: அம்மா கதவைத் திறந்து, வந்தவரின் முகத்தைப் பார்த்து—

இதற்கு மேல் பேனா நகரவில்லை. அந்த முகத்தில் என்ன இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் வண்டியில் அல்லவா இருந்தேன்.

அதனால் வேறு இரண்டு காரியம் செய்தேன். லாபிஸுக்குப் போன் போட்டு, தர்மினியைக் காலை ரயிலில் வரச் சொன்னேன். என் நாடகங்களை அவள் பார்த்ததே இல்லை, நானும் கூப்பிட்டதே இல்லை. அவளுக்கு எஃப் வரிசை பதினான்காம் இருக்கையைக் கொடுத்தேன், பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில். தற்செயலாக அமைந்தது என்று எழுதியிருந்தால் கதைக்கு அழகாக இருந்திருக்கும். டிக்கெட் கிழிப்பவன் நான், தற்செயலாவது மண்ணாவது.

இரண்டாவது, விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் கவினிடம், இன்றைக்கு நாடகம் தொடங்கியதும் நீ வாசலில் நில், விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் ஒரு மாதிரி பார்த்தான். “அண்ணே, ஒரே ஒரு கியூதான் முக்கியம். கதவு தட்டினதும் இந்த லீவர கீழ இழுத்துருங்க. அவ்வளவுதான்,” என்றான்.

இரண்டரைக்குப் பேச்சியம்மாள் வந்தார். நல்ல புடவை, தலையில் மல்லிகை. கதவருகே நின்று, போகலாமா என்று கண்ணால் கேட்டார். ஹேமநாதன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தார். நான் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை அவர் கையில் கொடுத்தேன்.

4

மூன்று மணி. ஒலிபெருக்கியில் விதிகளை வாசித்தேன். கைப்பேசி. கதவு. கச்சான். மூன்றோடு நிறுத்திவிட்டு மேலே விளக்கறைக்கு ஏறினேன். யாரும் கவனிக்கவில்லை. விதிகளை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

கண்ணாடி வழியாகப் பார்த்தால் அரங்கம் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி தெரியும். தலைகள் மட்டும் வரிசை வரிசையாக, அசைவில்லாமல். எஃப் வரிசையில் பேச்சியம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. முதல் காட்சியில் போன் வந்ததுமே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் தர்மினியின் நரைத்த தலை.

அக்கம்பக்கத்தினர் வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். ஷாமளா தேத்தண்ணீர் கொடுத்தாள். இதை நான் எழுதினேனா, பேச்சியம்மாள் வீட்டில் பார்த்தேனா, லாபிஸ் சாலையில் கனவு கண்டேனா என்று எனக்கே குழம்பிவிட்டது. தட்டில் சோறு விழுந்தது. நெத்திலி சம்பல். சிவப்பு மூடி கவிழ்ந்தது. அந்தச் சின்னச் சத்தம் மேலே வரை கேட்டது.

கதவு தட்டும் ஓசை. மூன்று தட்டு.

ஷாமளா எழுந்து கதவுப் பக்கம் நடந்தாள். என் கை லீவரின் மேல் இருந்தது. கீழே இழுத்தால் போதும், எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான் இழுக்கவில்லை.

கதவருகே போன ஷாமளா இருட்டுக்காகக் காத்திருந்தாள். இருட்டு வரவில்லை. அவள் மெல்லத் திரும்பினாள். மேலே விளக்கைப் பார்த்தாள், பிறகு கீழே உங்கள் எல்லாரையும் பார்த்தாள். மேடையில் இருக்கும் அக்கம்பக்கத்தினர் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். யாருக்கும் வசனம் இல்லை, நான் எழுதவில்லை. காதில் மாட்டிய கருவியில் ஹேமநாதன், “அண்ணே, லைட்டு. அண்ணே, லைட்டு” என்கிறார்.

எஃப் வரிசையில் ஒரு அசைவு. தர்மினி கையை நீட்டினாள். பேச்சியம்மாளின் வாயை மூடியிருந்த கைகளைப் பிடித்து, மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிளாஸ்க் இருந்த மடி. வாய் திறந்த பேச்சியம்மாள் மேடையைப் பார்த்துப் பேசவில்லை. தர்மினியிடம்தான் சொன்னார்:

“நான் நேத்தே சொல்லிட்டேம்மா. இன்னைக்கு வேற யாராச்சும் சொல்லட்டும்.”

(கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனுக்கு இது எப்படிக் கேட்டது என்று கேட்பீர்கள். தர்மினிதான் பிறகு சொன்னாள். இதைச் சொன்னதில், நாங்கள் பிறகு மனம்விட்டுப் பேசினோம் என்ற என் கதையின் முடிவு ஒன்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பரவாயில்லை, இருக்கட்டும்.)

பதினைந்தாம் இருக்கை காலியாக இருந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதற்கு நான் டிக்கெட் விற்கவில்லை. முதல் பகுதியிலிருந்து நீங்கள் உட்கார்ந்திருப்பது அதில்தான். நல்ல பார்வையாளராக இருந்தீர்கள். கைப்பேசியைப் பார்க்கவில்லை, பொட்டலம் பிரிக்கவில்லை, நான் பொய் சொன்ன இடத்தில்கூட மரியாதையாகச் சும்மா இருந்தீர்கள். ஆனால் அந்தப் பையன் வரமாட்டான் என்பது உங்களுக்கு மூன்றாம் பகுதியிலிருந்தே தெரியும்.

ஷாமளா இன்னும் நிற்கிறாள். மூடிக்கு அடியில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

நான் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்கை எரியவிட்டு, விளக்கறைப் படியில் இறங்குகிறேன். எஃப் வரிசைக்குப் போக வேண்டும். என் தங்கையிடம் நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஆறு வருடம் தாமதம். பத்தொன்பது படிகள், இருட்டு, கையில் டார்ச் இல்லை, மெல்லத்தான் இறங்க முடியும்.

நான் போய்ச் சேருவதற்குள் நீங்கள் எழுந்து மேடையில் இருக்கும் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சத்தம் போட வேண்டாம். எதிர்வீட்டு வாசலில் நிற்பவளிடம் சொல்கிற அளவுக்குச் சொன்னால் போதும்.